கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை

என் மனைவியின் கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன என்பதை ஓராண்டுக் காலம் நான் அறியாமலிருந்தேன். ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து மூன்று வேளையும் உண்ணும் இருவரில் ஒருவர், மற்றவரின் வாயைப் பற்றி இவ்வளவு அறியாமையில் இருக்க முடியும் என்று வேறு எவரேனும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். காய்கறியெல்லாம் கூழாகிவிடுகிறது என்று குறை சொல்வதோடு நின்றுகொண்டேன். கேரட்டைக் கரண்டி தொட்டாலே உடைந்தது. ரொட்டியின் ஓரங்கள் வெட்டி நீக்கப்பட்டு வந்தன. அடுப்பின்மீது கவனம் போதவில்லை என்று ஒரு நாள் சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

அன்று அவள் வெள்ளரிக்காயை நறுக்கி என் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க. இது அடுப்புப் பக்கமே போகல. நல்லா நறுக்கு நறுக்குன்னு கடிங்க."

"நீயும் எடு" என்று ஒரு துண்டை நீட்டினேன்.

வீம்புக்காக வாங்கிக் கடித்தாள். கடித்த வேகத்திலேயே கண்களை மூடிக்கொண்டு, துண்டை மெல்ல வெளியே எடுத்து மேசைமீது வைத்தாள். அதன் வெள்ளைச் சதையில் ஓர் இரத்தக் கோடு இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"போன வருஷம் அக்கா வந்து தங்கினாளே, அதுக்கும் முன்னாடியிருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பாடம் எடுப்பீங்க. பல்லு ஒரு வலி, பாடம் ஒரு வலி. ரெண்டும் தாங்காதுன்னு ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டேன்."

அவள் முப்பத்தைந்து ஆண்டுகள் வீட்டின் முன்னறையில் துணி தைத்தவள். விரல் மூட்டுகள் வீங்கி இறுகியதால் மூன்று ஆண்டுகளுக்கு முன் தையலை நிறுத்திவிட்டாள். இப்போது அவளால் ஒரு பொத்தானைக்கூடப் பிடிக்க இயலாது. பல் துலக்கும் பிரஷ்ஷை ஐந்து விரல்களாலும் உலக்கையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வைத்துவிடுவாள். அதையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவசரக்காரி என்று எண்ணிக்கொண்டேன்.

கடைத்தெருப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பல் மருத்துவமனை உண்டு. "ஆடும் பல் ஒரே மணி நேரத்தில் அசையாது!" என்று கதவை மறைக்கும் அளவுக்குப் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஒரு நோயைப் பற்றி எழுதும்போது வியப்புக்குறி எதற்கு என்று அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அங்கேதான் முதலில் போயிருப்போம். மருந்துக்கடைக்காரர்தான் தடுத்தார். "ஆடுறது பல்லு சார், ஆட்டுறது ஈறு. ஈறு பார்க்கிற டாக்டரம்மா ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க, அங்க போங்க" என்றார்.

ஈறு மருத்துவருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடிக்கு மேலே உருப்பெருக்கி ஒன்றை இறக்கிக்கொண்டு, இரண்டு கருவிகளின் காம்புகளுக்கிடையே ஒவ்வொரு பல்லையும் வைத்து அசைத்துப் பார்த்தார். பின்பு அளவுக்கோடுகள் பொறித்த மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இறக்கி, எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். உதவியாளர் எழுதிக்கொண்டார்.

"மூணு, ரெண்டு, அஞ்சு. நாலு, ஆறு, ஏழு."

ஏழு என்ற சொல் காதில் விழுந்ததும், பத்துக்கு ஏழு என்று, ஆசிரியனாக விடைத்தாள் திருத்தியே பழகிய என் மனம் தன்னிச்சையாக மகிழ்ந்தது. உதவியாளர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

"மூணு மில்லிமீட்டருக்கு மேல போனாலே பிரச்சினைதான் சார்" என்றார் மருத்துவர். பிறகு அவளைப் பார்த்து, "நீங்க தையல் வேலை பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எப்படித் தெரியும் டாக்டர்?"

"நடுவுல இருக்கிற இந்தப் பல்லு விளிம்புல சின்னதா ஒரு பள்ளம் இருக்கு. நூலைப் பல்லாலயே கடிச்சு அறுத்திருக்கீங்க."

"கத்தரிக்கோலைத் தேடுற நேரத்துக்கு ஒரு சட்டைக் கையையே தைச்சிடலாமே!"

"அந்தப் பல்லுதான் ரொம்ப மோசமா இருக்கு."

எக்ஸ்-ரே படத்தை விளக்குப் பலகையில் செருகி எங்களுக்குக் காட்டினார். நான்கு முன்பற்களையும் தாங்கவேண்டிய எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. அவற்றுக்கு இருபுறமும் நின்ற கோரைப்பற்கள் மட்டும் ஆழமாக வேரூன்றியிருந்தன.

"இந்தக் கோரைப்பல்லுலேருந்து அந்தக் கோரைப்பல் வரைக்கும், நாக்குப் பக்கமா ஒரு இழை நாடாவை வெச்சு ஆறு பல்லையும் சேர்த்து ஒட்டிடலாம். கெட்டியான ரெண்டும் நடுவுல இருக்கிற நாலையும் பிடிச்சுக்கும். ஆனா இப்ப ஒட்ட மாட்டேன்."

"ஏன்?" என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். உதவியாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப ஒட்டினா ஆடாது சார். ஆடலன்னா சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்குவீங்க. உள்ள கிருமி அது பாட்டுக்கு எலும்பைத் தின்னுட்டு இருக்கும். நான் வேர் வரைக்கும் ரெண்டு நாள்ல சுத்தம் பண்ணித் தரேன். அதுக்கப்புறம் தினமும் ஒவ்வொரு இடுக்கா வீட்டுல சுத்தம் பண்ணணும். ஆறு வாரம் கழிச்சு ஈறுல ரத்தம் அடங்கியிருந்தா கட்டுறேன். அடங்கலன்னா நாலையும் எடுத்துட்டு, கழட்டி மாட்டுற பல்செட்தான்."

என் மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"செட் மட்டும் வேணாம் டாக்டர். என்னால ஒரு பட்டனைப் போட முடியல. செட்டை எப்படி மாட்டுவேன், எப்படிக் கழட்டுவேன்? தினமும் காலைல ஒருத்தர் வந்து என் வாயில பல்லை மாட்டிவிட்டாத்தான் நான் நாலு பேர்கிட்டப் பேச முடியும்னா, அதுக்கு நான் பேசாமலே இருந்துடுவேன்."

பேசாமல் இருப்பது அவளுக்கு எத்தகைய தண்டனை என்பதை நான் அறிவேன். மருத்துவர் அவளுடைய விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கையால இடுக்கு பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. நீங்க செய்வீங்களா சார்?"

"செய்வேன்."

"செய்வார் டாக்டர். என்ன, எதுக்கும் முன்னாடி ஒரு முன்னுரை இருக்கும்" என்றாள் என் மனைவி.

சுத்தம் செய்யும்போது வலித்தால் இடக்கையைத் தூக்க வேண்டும் என்றும், தூக்கியவுடன் நான் நிறுத்திவிட வேண்டும் என்றும் மருத்துவர் விதித்தார். புட்டி கழுவும் பிரஷ்ஷைத் தீக்குச்சி அளவுக்குச் சுருக்கியதுபோன்ற இடுக்கு பிரஷ்கள் மூன்று அளவுகளில் தந்தார்.

வேலை மாலை ஏழு மணிக்கு, சமையலறை நாற்காலியில் நடந்தது. நான் அவளுக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டேன். எந்தப் பல்லில் தொடங்குகிறேன், ஏன் தொடங்குகிறேன், அழுக்குப் படலம் எங்கே எப்படிப் படிகிறது என்பவற்றை விளக்கிக்கொண்டே செய்தேன். திருமணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான் பேசும்போது அவள் மறுமொழி சொல்ல இயலாமல் வாயைத் திறந்து வைத்திருந்தது அதுவே முதன்முறை. இரண்டாம் நாளே இடக்கை உயர்ந்தது. நான் உடனே நிறுத்தினேன்.

"வலிக்குதா?"

"இல்ல. பேச்சை நிறுத்துங்க."

மூன்றாம் வாரத்தில் மருத்துவர் ஒரு சோதனை வைத்தார். ஊதா நிற மாத்திரை ஒன்றை மென்று கொப்பளிக்கச் செய்தார். படலம் எங்கெல்லாம் தங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் அந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளும். என் மனைவி வாயைத் திறந்தாள். பற்களின் வெளிப்புறம் சங்குபோல் வெளுத்திருந்தது. உதவியாளர் சிறு கண்ணாடியை உள்ளே பிடித்துக் காட்டினார். உட்புறம் முழுவதும் நாவற்பழம் தின்ற வாயாக இருந்தது.

"நூத்துக்கு நாப்பத்தாறு இடத்துல படலம் இருக்கு" என்றார் மருத்துவர். "இருபதுக்குக் கீழ வரணும்."

குறைந்த எண்ணே வெற்றி என்னும் தேர்வை நான் அதுவரை கண்டதில்லை. ஒரு நாளும் தவறாமல் உழைத்தவனுக்கு இப்படி ஒரு முடிவா என்று வாதாடினேன். "ஒரு நாளும் தவறாமல்" என்ற இடத்தில் என் மனைவி தொண்டையைச் செருமினாள். உண்மையில் நாங்கள் பிணங்கிக்கொண்ட நாள்களில் முக்காலி வெறுமையாகத்தான் கிடந்தது. அத்தகைய நாள்கள் வாரத்துக்கு இரண்டேனும் இருந்தன.

"வெளிப்பக்கம் பிரமாதம் சார். உள்பக்கம் நீங்க போகவே இல்ல. எதிர்ல உட்கார்ந்தா உள்பக்கம் தெரியாது. பின்னாடி நில்லுங்க. அம்மா தலையை உங்க நெஞ்சுல சாய்ச்சுக்கட்டும். இடது கையால தாடையைப் பிடிச்சுக்கிட்டு மேலேருந்து குனிஞ்சு பாருங்க. நாங்க வேலை செய்யற மாதிரியே."

உதவியாளரின் தலையைத் தம்மேல் சாய்த்து, எப்படி என்று செய்தும் காட்டினார்.

வீட்டில் அதைச் செய்ய எனக்குக் கூச்சமாக இருந்தது. அறுபத்தைந்து வயதில், சாலையை நோக்கிய சன்னல் திறந்திருக்க, மனைவியின் தலையை மார்பில் சாய்த்துக்கொண்டு எப்படி நிற்பது? எதிர்வீட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்? சன்னலைச் சாத்தலாம் என்ற எண்ணம் வராத அளவுக்குக் கூச்சம் என்னை ஆண்டது. இது முடிதிருத்துபவர் நிற்கும் நிலை என்று ஒரு காரணம் சொன்னேன். முக்காலியிலேயே அமர்ந்து, ஒரு சிறு கண்ணாடியை அவள் நாக்கின்மேல் பிடித்துக்கொண்டு முயன்றேன். கண்ணாடி மூச்சுப்பட்டு மங்கியது. அதிலே இடம் வலமாகத் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் இருவருக்கும் பொறுமை போய்விடும்.

ஆறாம் வாரம் நெருங்கியது. பரிசோதனைக்கு முந்தைய நாள் எனக்கு அச்சம் பிடித்துக்கொண்டது. காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை தேய்த்தேன். சன்னலைச் சாத்தி, எழுந்து எதிரே நின்றபடியே குனிந்து, எல்லாப் பக்கமும் தேய்த்தேன். இடக்கை நான்கு முறை உயர்ந்தது. நான்கு முறையும் "இன்னும் கொஞ்சம்தான்" என்றேன்.

சாயம் பதினொன்று என்று காட்டியது. நான் இருக்கையில் சாய்ந்து அமர்ந்தேன். மருத்துவர் அளவுக்கம்பியை எடுத்து, ஈறின் ஓரமாக மெல்ல இழுத்துக்கொண்டே போனார். அவர் கை கடந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றிப் பெருகியது. பஞ்சால் ஒற்றினார். மீண்டும் பெருகியது.

"சாயம் நேத்தைச் சொல்லும் சார். ஈறு ஆறு வாரத்தையும் சொல்லும்."

"நேத்து மூணு தடவை தேச்சார் டாக்டர்" என்றாள் என் மனைவி. கோள்சொல்லும் தொனி அவள் குரலில் இல்லை; காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்டால் சொல்லும் தொனிதான் இருந்தது.

ஆண்டு முழுவதும் புத்தகத்தைத் தொடாமல், தேர்வுக்கு முதல்நாள் மட்டும் விழித்திருந்து படித்துவிட்டு வருகிறவனை அவன் கண்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று முப்பத்தாறு ஆண்டுகள் பெருமை பேசியவன் நான். இவர் கண்களைக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்குக் கட்ட மாட்டேன். இன்னும் நாலு வாரம் தரேன். அதுதான் கடைசி. அதுக்கு மேல எலும்புல தாங்க இடம் இருக்காது."

திரும்பும் வழியில் என் மனைவி எனக்கு முன்னால் நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். எதிரே அந்தப் பலகை தன் வியப்புக்குறியோடு வெயிலில் பளபளத்தது.

"பேசாம இங்கயே கட்டிக்கிட்டுப் போயிடலாமா? ஒரு மணி நேரம்தானே?" என்றேன்.

"கட்டினதுக்கு அப்புறம் யார் தேய்ப்பா? அந்த போர்டா?"

பேருந்து வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தேன்.

"உங்களுக்கு என் பின்னாடி நிக்க வெக்கம்" என்றாள். "ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் புத்தி சொல்ல வெக்கமில்ல. என் தலையைப் பிடிக்க வெக்கம். உங்க வெக்கத்துக்கு என் பல்லு போகணுமா? நாலு பல்லுங்க. நாப்பது இல்ல."

பேருந்து வந்தது. ஏறினோம். அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவள் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நின்றேன்.

அன்று மாலை சன்னலைச் சாத்தவில்லை. மேசை விளக்கை அலமாரியின்மேல் ஏற்றி, வெளிச்சம் அவள் வாயில் விழுமாறு திருப்பினேன். நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவள் தலையைச் சாய்த்தாள். முதலில் பட்டும் படாமலும் வைத்திருந்தாள். "கழுத்து வலிக்குது, ஆடாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டு முழு எடையையும் விட்டாள். ஒரு தலை அவ்வளவு கனக்கும் என்பது எனக்குத் தெரியாது. மேலிருந்து குனிந்தபோது, மூன்று வாரமாக நான் கண்ணாடியில் தேடிய உட்புறம் அப்படியே தெரிந்தது. பற்களின் வேர்ப்பகுதி மஞ்சளாக, நீளமாக, நீர் வற்றிய கரையில் நிற்கும் மரங்களைப்போல் நின்றது. நான் எதையும் விளக்கவில்லை.

நடு இடுக்குக்குப் பெரிய பிரஷ், அதன் இருபுறமும் நடுத்தர அளவு, கோரைப்பல்லின் ஓரத்துக்குச் சிறியது என்று இரண்டே நாளில் பழகிவிட்டது. நுழைத்து, இரண்டு முறை இழுத்து, தண்ணீரில் அலசி, அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்பது நிமிடம் ஆகும். பிணங்கிக்கொண்ட நாள்களிலும் ஏழு மணிக்கு அவள் நாற்காலியில் அமர்ந்துவிடுவாள். பேச்சுவார்த்தை இல்லாமலே வேலை நடக்கும். உண்மையைச் சொன்னால் அந்த நாள்களில்தான் வேலை செம்மையாக நடந்தது. எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் பார்த்துவிட்டார். மறுநாள் வாசலில் என்னை நிறுத்தி, "சார், அம்மாவுக்குப் பேன் பார்க்கிறீங்களா?" என்றார். "பல் பார்க்கிறேன்" என்றேன். அவர் தம் மனைவிக்கும் ஈறில் இரத்தம் வருகிறது என்றும், அந்த மருத்துவரின் முகவரி வேண்டும் என்றும் கேட்டார்.

முதல் வாரம் கிண்ணத்துத் தண்ணீர் சிவந்தது. இரண்டாம் வாரம் இளஞ்சிவப்பானது. மூன்றாம் வாரத்தின் இறுதியில் ஒரு நாள் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அவள் கிண்ணத்தை விளக்கருகே கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

பத்தாம் வாரம் மருத்துவர் சாயமே கேட்கவில்லை. நேரே அளவுக்கம்பியை எடுத்தார். கீழ்வரிசை முழுவதிலும் மூன்று இடங்களில் மட்டும் இரத்தம் எட்டிப் பார்த்தது. ஈறு இறுகியதால் பற்களின் ஆட்டமும் முன்பைவிடக் குறைந்திருந்தது. நூல் அறுத்த அந்த ஒரு பல் மட்டும், விரலால் அழுத்தினால் ஈறுக்குள் இறங்கி ஏறியது.

"இதோட வேரை வெச்சிருக்க முடியாதும்மா. இதை எடுத்துட்டு, வேரை வெட்டிட்டு, மேல் பாகத்தை அதே இடத்துல வெச்சு மத்ததோட சேர்த்து ஒட்டிடுறேன். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"அதைக் கழட்டி மாட்டணுமா?"

"வேணாம். அது அங்கயேதான் இருக்கும்."

"அப்ப சரி. வேரை யாரு பார்க்கப் போறா?"

மரப்பு ஊசி போட்ட பின் அந்தப் பல் அதிகம் போராடாமல் வந்துவிட்டது. மருத்துவர் அதன் வேரை அறுத்து நீக்கி, அடிப்பாகத்தை வழுவழுப்பாக்கி ஒரு கிண்ணத்தில் வைத்தார். எஞ்சிய ஐந்து பற்களின் உட்புறத்தையும் நீல நிறக் களிம்பு பூசிக் கழுவி உலர்த்தினார். அவை சுண்ணாம்புபோல் வெளிறின. கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை ஈயத்தாள் கீற்று ஒன்றால் அளந்து, அதே நீளத்துக்கு இழை நாடாவை வெட்டினார். பசையில் நனைத்த நாடாவை ஒவ்வொரு பல்லாக அழுத்திப் படியவைத்து, நீல ஒளிக் கருவியால் இருபது இருபது நொடி காட்டினார். வெறுமையாய் இருந்த நடு இடத்தில் அவளுடைய பல்லை அவளுக்கே திருப்பி வைத்து ஒட்டினார். வேலை எழுபது நிமிடம் நீடித்தது. பசை எங்கும் இடுக்கின் அடிப்பகுதிக்கு இறங்காதவாறு ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு சிறு வாசலை விட்டிருந்தார்.

"இந்த வாசல் உங்களுக்குத்தான் சார். இது அடைஞ்சா எல்லாம் போச்சு. இப்ப என் முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

மருத்துவரும் உதவியாளரும் பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். ஐந்து இடுக்கிலும் பிரஷ்ஷை நுழைத்து எடுத்தேன். மருத்துவர் தலையசைத்தார்.

என் மனைவி கொப்பளித்துவிட்டு, நாக்கால் பற்களைத் தள்ளிப் பார்த்தாள். மறுபடியும் தள்ளிப் பார்த்தாள்.

"வேற யாரோட பல்லையோ தள்ளுற மாதிரி இருக்கு டாக்டர்."

"ஒரு வாரத்துல உங்களுதாயிடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்துடணும். ஒட்டு விட்டா உடனே வரணும். நூலைக் கடிக்கக் கூடாது."

"நூலே கிடையாது டாக்டர், இப்ப கடிக்கிறதுக்கு இவர் ஒருத்தர்தான்" என்றாள். உதவியாளர் முகமூடிக்குள் சிரித்தார்.

மூன்று மாதம் கழித்துப் போனோம். கட்டு அப்படியே இருந்தது. ஆனால் இடப்பக்கக் கோரைப்பல்லை ஒட்டிய இடுக்கில் ஓர் இடம் கசிந்தது. மருத்துவர் அட்டையில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இதை மட்டும் கொஞ்சம் கவனிங்க சார்" என்றார். இருபத்துநான்கு இடங்களில் ஒன்று. அந்த ஒன்றுக்குச் சிவப்பு மையா என்று வழியெல்லாம் பொருமினேன். என் மனைவி ஒரு வேர்க்கடலை மிட்டாயைக் கடைவாயில் மென்றுகொண்டே கேட்டு வந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது.

"முடிஞ்சுது."

ஏழு மணிக்கு விளக்கை ஏற்றினேன். நாள்தோறும் நடு இடுக்கிலிருந்து தொடங்குவதே என் வழக்கம். அன்று சிறிய பிரஷ்ஷை எடுத்து, இடப்பக்கக் கோரைப்பல்லிலிருந்து தொடங்கினேன்.